படுக்கை கேட்டேன், சறுக்குமரம் கிடைத்தது

போன வாரம் அக்கா போன் செய்தாள். அவளும் அத்தானும் நீண்ட விடுமுறைக்குக் கிளம்புகிறார்கள், நடுவில் எங்கும் இறங்காமல் 14 மணி நேரம் பறக்க வேண்டும். "தம்பி, பிரீமியம் எகானமி போடவா, இல்ல கண்ணை மூடிக்கிட்டு பிஸினஸ் கிளாஸே போட்டுடவா?" என்றாள். (பிரீமியம் எகானமி என்பது எகானமிக்கும் பிஸினஸுக்கும் நடுவில் ஒரு வகுப்பு.) எதை வேண்டுமானாலும் போடு, கண்ணை மட்டும் மூடாதே என்றேன். ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு போட்டவன் நான்.

பல வருடமாகப் பறந்து பறந்து சிறுகச் சிறுகச் சேர்த்த மைல்கள் (விமான நிறுவனம் தரும் பயணப் புள்ளிகள்) அத்தனையையும் ஒரே பயணத்தில் கொட்டி, எனக்கும் மனைவிக்கும் பிஸினஸ் கிளாஸ் எடுத்தேன். எந்த விமான நிறுவனம் என்பது வேண்டாம். இணையதளத்தில் 'படுக்கையாக விரியும் சீட்' என்று போட்டிருந்தது, படத்தில் ஒரு பெண் வெள்ளைப் போர்வைக்குள் சிரித்துக்கொண்டே தூங்கிக்கொண்டிருந்தாள் (தூங்குகிறவர் எதற்குச் சிரிக்கிறார் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்), அதோடு சரி, வேறு எதையும் நான் பார்க்கவில்லை. விமானத்தில் விளக்கை அணைத்ததும் பட்டனை அழுத்தினேன். சீட் விரிந்தது, மடிப்பு இல்லாமல் பலகை போல நேராகவும் ஆனது, ஆனால் அந்தப் பலகையின் தலைப்பக்கம் மேலேயும் கால்பக்கம் கீழேயும் சாய்ந்து நின்றது. போட்டிருந்த சாக்ஸ் வேறு வழவழப்பு. கண் அசந்தால் போதும், உடம்பு தானாக இறங்கத் தொடங்கும், கொஞ்ச நேரத்தில் பாதம் முன்சீட்டின் அடியில் போய் முட்டி முழங்கால் மடங்கும், முழிப்பு வரும், முழங்கையை ஊன்றி மேலே ஏறுவேன், போர்வை மட்டும் கூட ஏறி வராது. விடியும்போது தலையணை என் தலைக்கு ஒரு முழம் மேலே தனியாகக் கிடந்தது. பக்கத்தில் மனைவி சீட்டை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டு, "படுக்கை வாங்கித் தரேன்னு சறுக்குமரம் வாங்கிக் கொடுத்திருக்கீங்க" என்றாள். விடுமுறையின் முதல் நாள் முழுக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தோம்.

இந்த வகை சீட்டுக்கு ஆங்கிள்டு ஃபிளாட் என்று பெயர் இருப்பதே எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. முழுவதும் கிடையாக விரியும் படுக்கை 1990களின் நடுவில் முதல் வகுப்புக்கு வந்தது, பிஸினஸ் கிளாஸுக்கு 2000இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் கொண்டுவந்தது. கிடையான படுக்கைக்கு நிறைய இடம் வேண்டும். அந்த இடத்தை விட மனம் வராத நிறுவனங்கள் சீட்டைச் சாய்வாக விரித்து, கால்களை முன்சீட்டுக்கு அடியில் நுழைய விட்டன. இன்று பெரும்பாலான நீண்ட தூர விமானங்களில் அது போய்விட்டது, ஆனால் புதுப்பிக்காத பழைய விமானம் எங்கேயாவது ஒரு தடத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கும், உங்கள் டிக்கெட் அதில் விழுந்தால் பெயர் என்னவோ அதே பிஸினஸ் கிளாஸ்தான்.

அதனால் அக்காவிடம் நான் முதலில் கேட்டது வகுப்பைப் பற்றி அல்ல. எத்தனை மணிக்குக் கிளம்புகிறது? எந்த விமானம்? இந்த இரண்டும் தெரியாமல் பேசிப் பயனில்லை.

கிளம்பும் நேரம்தான் பாதிப் பணத்தைத் தீர்மானிக்கிறது. பிஸினஸ் கிளாஸில் லவுஞ்ச் (விமான நிலையத்தில் சாப்பாட்டோடு தனி ஓய்வறை), பீங்கான் தட்டு, பெரிய திரை என்று என்னென்னவோ வரும், ஆனால் எகானமியைப் போல மூன்று நான்கு மடங்கு கொடுப்பது எதற்காக என்று யோசித்தால் ஒன்றுதான் மிஞ்சும்: காலை நீட்டிப் படுக்கலாம். இரவு கிளம்பி 14 மணி நேரம் பறக்கும் விமானத்தில் அதற்கு அர்த்தம் உண்டு, 7 மணி நேரம் நன்றாகத் தூங்கி எழுந்து அன்றைக்கே ஊர் சுற்றலாம், விடுமுறையில் ஒரு நாள் மிச்சம். காலையில் கிளம்பிச் சாயங்காலம் இறங்கும் விமானத்தில் அதே படுக்கையில் உட்கார்ந்து படம்தான் பார்க்கப் போகிறோம். இன்னொரு பொறி, இரவு விமானம் ஆனால் 6, 7 மணி நேரம்தான் என்கிற வகை. கிளம்பி மேலே ஏறிச் சாப்பாடு கொடுத்து முடிக்கவே ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும், இறங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே விளக்கைப் போட்டுக் காலை உணவு என்று எழுப்புவார்கள். நடுவில் கிடைக்கும் மூன்று, நாலு மணி நேரத் தூக்கத்துக்கு அவ்வளவு கொடுக்கலாமா என்பது அவரவர் பாடு. எடுத்தே ஆக வேண்டுமென்றால் லவுஞ்சிலேயே சாப்பிட்டுவிட்டு ஏறி, இரண்டு உணவும் வேண்டாம், எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட வேண்டும்.

போகும்போது ஒரு வகுப்பு, வரும்போது வேறு வகுப்பு என்று எடுக்கலாம் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை. அக்காவுக்கும் தோன்றவில்லை. "அப்படியெல்லாம் தருவாங்களா?" என்றாள். பெரும்பாலும் தருவார்கள். தேடும் பக்கத்தில் ஒரே வகுப்புதான் கேட்கும், 'பல நகரங்கள்' என்ற தேர்வுக்குள் போனால் ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியாக வகுப்பு போடலாம்.

சரி, பிரீமியம் எகானமி. 1990களின் தொடக்கத்தில் ஈவா ஏர், வர்ஜின் அட்லாண்டிக் போன்றவர்கள் ஆரம்பித்தது, லுஃப்தான்ஸா 2014இல்தான் வந்தது, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2015இல், எமிரேட்ஸ் அதற்கும் பின்னால். நான் இதைச் சலுகை விலை பிஸினஸ் கிளாஸ் என்று நினைக்க மாட்டேன். நல்ல எகானமி, அவ்வளவுதான். எகானமியில் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே 31, 32 அங்குலம் இருந்தால் இதில் 38 அங்குலம் இருக்கும். அகலம் ஓரிரு அங்குலம் கூடும். போயிங் 777இல் எகானமி பெரும்பாலும் 3-4-3 (ஒரு வரிசையில் மூன்று சீட், நடைபாதை, நான்கு சீட், நடைபாதை, மூன்று சீட்) என்றால் இதில் 2-4-2, 787 ட்ரீம்லைனரில் 3-3-3க்குப் பதில் 2-3-2. இரண்டு பேராகப் போகிறவர்களுக்கு ஜன்னலோரம் இரண்டு சீட், மூன்றாவது ஆள் இல்லை என்பதே பெரிய நிம்மதி.

ஆனால் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும் சில விஷயங்கள். சாப்பாட்டுப் பலகையையும் சில சமயம் திரையையும் கைப்பிடிக்குள் மடித்து வைத்திருப்பார்கள், அதனால் கைப்பிடி ஒரு சுவர் மாதிரி, மேலே தூக்க முடியாது. எகானமியில் பக்கத்து சீட் காலியாக இருந்தால் கைப்பிடியைத் தூக்கிவிட்டுக் குழந்தையைப் படுக்க வைக்கலாம், இங்கே முடியாது. முன்னால் இருப்பவர் முழுசாகச் சாய்ந்தால் 38 அங்குலமும் எங்கே போனது என்று தேட வேண்டியதுதான், மடிக்கணினியைத் திறக்க முடியாது. ஜப்பான் ஏர்லைன்ஸ் மாதிரி சிலர் இதற்காகவே சீட்டை ஒரு கூட்டுக்குள் வைத்திருக்கிறார்கள், சாய்ந்தால் நம் சீட் முன்னால் நகரும், பின்னால் இருப்பவர் மேல் விழாது. கால் வைக்கும் பலகை உண்டா என்றும் பார்க்க வேண்டும். அக்கா குள்ளம், பாதம் தரையில் படாவிட்டால் தொடையின் அடிப்பக்கம் சீட் விளிம்பில் அழுந்திக்கொண்டே இருக்கும், நாலு மணி நேரத்தில் கால் மரத்துப்போகும். அவளுக்கு அகலத்தைவிட அந்தப் பலகைதான் முக்கியம்.

முதல் வரிசையைத் தேடி ஓடுகிறவர்கள் நிறைய. முன்னால் யாரும் சாய மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் எதிரே சுவர், உயரமானவர் காலை நீட்டினால் சுவரில் இடிக்கும், கிளம்பும்போதும் இறங்கும்போதும் கைப்பையைக் காலடியில் வைக்க விட மாட்டார்கள், குழந்தைத் தொட்டில் மாட்டும் இடமும் அந்தச் சுவர்தான். நான் இரண்டாவது, மூன்றாவது வரிசைக்காரன்.

பெயர்களில் ஏமாந்துவிடக் கூடாது, இதை அக்காவுக்கு இரண்டு தடவை சொன்னேன். யுனைட்டெட்டில் 'எகானமி பிளஸ்' என்று ஒன்று, 'பிரீமியம் பிளஸ்' என்று ஒன்று. முதலாவது அதே எகானமி சீட், முன்னால் கொஞ்சம் கூடுதல் கால் இடம், அவ்வளவே. இரண்டாவதுதான் அசல் பிரீமியம் எகானமி. கே.எல்.எம்.மிலும் 'எகானமி கம்ஃபர்ட்', 'பிரீமியம் கம்ஃபர்ட்' என்று அதே குழப்பம். இன்னொன்று, ஐரோப்பாவுக்குள் பறக்கும் குறுகிய தூர பிஸினஸ் கிளாஸ் பெரும்பாலும் சாதாரண எகானமி சீட்தான், நடு சீட்டை மட்டும் காலியாக விடுவார்கள். ஐரோப்பாவில் விமானம் மாறிப் போகிற டிக்கெட் என்றால் எந்தத் துண்டில் படுக்கை, எந்தத் துண்டில் வெறும் நடு சீட் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சில டிக்கெட்டில் நீளமான பறப்பே எகானமியில் இருக்கும், ஒரு மணி நேரத் துண்டு மட்டும் பிஸினஸ், மேலே 'பிஸினஸ்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், 'கலப்பு வகுப்பு' என்ற எச்சரிக்கை எங்கேயோ பொடி எழுத்தில் இருக்கும்.

பிஸினஸ் கிளாஸில் நான் இப்போது முதலில் பார்ப்பது மூன்று எண்கள். 1-2-1 என்றால் எல்லோருக்கும் நடைபாதை உண்டு. 2-2-2 என்றால் ஜன்னலோரம் இருப்பவர் பக்கத்தில் இருப்பவரைத் தாண்டித்தான் போக வேண்டும், அவரோ காலை நீட்டிப் படுத்துத் தூங்குகிறார். நடு இரவில், இருட்டில், முன்பின் தெரியாத ஒரு பெரியவரின் முழங்காலுக்கு மேலே ஒரு காலைத் தூக்கி வைத்து, விமானம் அந்த நேரம் பார்த்துக் குலுங்க, அடுத்த காலை எடுக்கவா வேண்டாமா என்று நான் நின்றிருக்கிறேன். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். "எக்ஸ்கியூஸ் மி" என்றேன், வேறு என்ன சொல்ல. அப்புறம் காலை வரை தண்ணீரே குடிக்கவில்லை.

அது சிரிக்கிற விஷயம் மட்டும் இல்லை. அத்தானுக்குக் கால் வீங்குகிற தொந்தரவு உண்டு, பிஸினஸ் கிளாஸ் எடுத்தால் அந்தப் பயம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டி உண்டாகும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2007இல் சொன்னது. ஒரு சாதாரண ஆளுக்கு அந்த வாய்ப்பே மிகச் சிறியதுதான், ஆனால் 'எகானமி கிளாஸ் நோய்' என்று பெயர் வைத்ததில் முன்னால் பிஸினஸில் இருப்பவர்களுக்கு வராது என்று ஆகிவிட்டது. வகுப்பு எதுவானாலும் எழுந்து நடக்காவிட்டால் அதே கதை. எழுந்து நடக்கக் கூச்சப்படாத சீட் வேண்டும் என்று நான் சொல்வது அதற்காகவும்தான். (அத்தான், டாக்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.)

1-2-1 என்றாலும் எல்லாம் ஒன்றல்ல. கால் நுழையும் குழி என்று ஒன்று இருக்கும், முன்சீட்டுக்குப் பக்கவாட்டில் அல்லது அடியில் ஒரு பெட்டி, படுத்தால் பாதம் அதற்குள் போக வேண்டும். சில விமானங்களில் அது செருப்பு டப்பா அளவுதான். நேராக மல்லாந்து படுப்பவருக்குப் பரவாயில்லை, என்னைப் போல ஒருக்களித்து முழங்காலை மடக்கிப் படுப்பவருக்கு முட்டி சுவரில் இடிக்கும், திரும்பிப் படுக்க வேண்டுமானால் பாதத்தை வெளியே இழுத்து, உடம்பைத் திருப்பி, மறுபடி உள்ளே செருக வேண்டும். பெரும்பாலும் முதல் வரிசையில் இந்தக் குழி அகலமாக இருக்கும், ஏனென்றால் அதற்கு முன்னால் இன்னொரு சீட் இல்லை, இருக்கிற இடத்தை எல்லாம் அதற்கே கொடுக்கலாம். பிரீமியம் எகானமியில் வேண்டாம் என்று சொன்ன அதே முதல் வரிசையை இங்கே நான் தேடிப் போய் எடுப்பேன்.

சில விமானங்களில் சீட்டுகள் ஒன்றுவிட்டு ஒன்று மாற்றி மாற்றி வைத்திருப்பார்கள். ஒரு வரிசையில் சீட் ஜன்னலை ஒட்டி, நடைபாதைக்கும் நமக்கும் நடுவே மேசை, அமைதியான இடம். அடுத்த வரிசையில் சீட் நடைபாதையை ஒட்டி, மேசை ஜன்னல் பக்கம், போகிற வருகிறவர் இடுப்பெல்லாம் நம் தோளில் படும். இரண்டுக்கும் டிக்கெட் ஒரே விலை. ஒற்றைப்படை வரிசையா இரட்டைப்படை வரிசையா என்பதில் இருக்கிறது சூட்சுமம், அது விமானத்துக்கு விமானம் மாறும், அதனால் ஏரோலோபா மாதிரி சீட் வரைபடம் போடும் தளத்தில் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். நடுவில் இருக்கும் இரண்டு சீட்டும் அப்படித்தான், ஒரு வரிசையில் ஒட்டி இருக்கும், அடுத்த வரிசையில் இரண்டு மேசை தள்ளி இருக்கும், ஜோடியாகப் போகிறவர்கள் தெரியாமல் இரண்டாவதை எடுத்துவிட்டு ராத்திரி முழுக்கச் சைகையில் பேசுவார்கள். கத்தார் ஏர்வேஸ் 2017இல் கொண்டுவந்த கியூஸ்வீட் என்ற பிஸினஸ் கிளாஸில் நடு சீட்டுகள் சிலவற்றைச் சேர்த்து இரட்டைக் கட்டிலாகவே ஆக்கலாம், கதவும் உண்டு. கதவைப் பற்றி எனக்குப் பெரிய மோகம் இல்லை, கிளம்பும்போதும் இறங்கும்போதும் திறந்துதான் வைக்க வேண்டும், நடுவில் மூடினால் ஆள் நடமாட்டம் தெரியாது, அவ்வளவுதான்.

விமானம் எது என்பதற்கு வருகிறேன். டிக்கெட் பக்கத்தில் 77டபிள்யூ, 789, 359, 388 என்று சின்னதாக ஒரு குறியீடு இருக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள். 777, 787, ஏ350, ஏ380 என்பதன் சுருக்கம் அது. 787இலும் ஏ350இலும் கேபினுக்குள் காற்றழுத்தம் சுமார் 6,000 அடி உயர மலையில் இருப்பது போல இருக்கும், பழைய விமானங்களில் அது 8,000 அடி வரை போகும், ஈரப்பதமும் புதியவற்றில் கொஞ்சம் கூடுதல். இறங்கும்போது தலைவலியும் தொண்டை வறட்சியும் குறைவாக இருப்பதை நானே உணர்ந்திருக்கிறேன். 787இல் ஜன்னல் திரை கிடையாது, கண்ணாடியே பட்டனில் கறுக்கும், பல நேரம் பணியாளர்களே மொத்தமாகக் கறுக்கிவிடுவார்கள், மேகம் பார்க்கிற ஆசையில் ஜன்னலோரம் எடுத்தவர்கள் நீலக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். ஏ380 மேல்தளத்தில் ஜன்னலோரமாகப் பெரும்பாலும் ஒரு பெட்டி இருக்கும், கைப்பை முழுசாக உள்ளே போகும், அந்த ஒன்றுக்காகவே எனக்கு அந்த விமானம் பிடிக்கும். எதுவானாலும் சமையல் இடத்துக்கும் டாய்லெட்டுக்கும் பக்கத்து வரிசை வேண்டாம், ராத்திரி முழுக்கத் திரைச்சீலை இழுக்கிற சத்தமும் வெளிச்சக்கீற்றும் வந்துகொண்டே இருக்கும்.

ரொம்ப நீளமான பறப்புக்கு எது தேவை என்பதை விமான நிறுவனங்களே சொல்லிவிட்டதாக எனக்குத் தோன்றுவது ஒரு இடத்தில். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 18 மணி நேரத்துக்கும் மேல் பறக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம், 2018இல் மறுபடி ஆரம்பித்தபோது அதில் எகானமியே இல்லை. 67 பிஸினஸ், 94 பிரீமியம் எகானமி, அவ்வளவுதான் சீட். அதற்கு முன்னால் 2013 வரை ஓடியபோது கடைசிச் சில வருடங்கள் வெறும் 100 பிஸினஸ் சீட்டோடுதான் பறந்தது.

எல்லாம் பார்த்து எடுத்த பிறகும் விமானத்தை மாற்றிவிடுவார்கள், அது அவர்கள் உரிமை. அதனால் டிக்கெட் போட்ட பிறகு மாதம் ஒருமுறை, கிளம்பும் வாரத்தில் தினம் ஒருமுறை சீட் வரைபடத்தைத் திறந்து பார்ப்பேன், வரைபடம் மாறியிருந்தால் விமானம் மாறிவிட்டது என்று அர்த்தம், நல்ல சீட்டெல்லாம் போவதற்குள் மாற்றிக்கொள்ளலாம். வகுப்பையே குறைத்து உட்கார வைத்தால் சும்மா விடக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261ஆம் எண் விதி பொருந்தும் பயணமாக இருந்தால் தூரத்தைப் பொறுத்து டிக்கெட் விலையில் 30, 50 அல்லது 75 சதவீதம் திருப்பித் தர வேண்டும். நீண்ட தூரத்துக்குப் பெரும்பாலும் 75.

ஏலம் கேட்டு அப்கிரேட் (எடுத்ததைவிட மேல் வகுப்பு) வாங்குவதைப் பற்றியும் அக்கா கேட்டாள். தனியாகப் போகும்போது நானும் கேட்பேன், கிடைத்தால் லாபம். ஆனால் எந்த சீட் வரும் என்பது நம் கையில் இல்லை, மிச்சம் இருப்பதுதான் வரும், மிச்சம் இருப்பது ஏன் மிச்சம் இருக்கிறது என்று இவ்வளவு நேரம் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு மணி நேரம் போனில் பேசி ஒருவழியாக முடிவானது. போகும்போது ராத்திரி விமானம், 787, பிஸினஸ், 1-2-1. திரும்பும்போது பகல், பிரீமியம் எகானமி, மூன்றாவது வரிசை, ஜன்னலோர இரட்டை சீட். போகும் விமானத்தில் நடுவில் ஒட்டினாற்போல இரண்டு சீட் காலியாக இருக்கிறது, அதைப் போடவா என்று கேட்டேன். "வேணாம்டா, முப்பது வருஷமா அந்தக் குறட்டை பக்கத்துலதான் படுத்திருக்கேன். எனக்கு ஜன்னல் போடு, அவருக்கு ரெண்டு வரிசை தள்ளிப் போடு" என்றாள். ஸ்பீக்கரில் இருக்கிறது என்பதை மறந்துவிட்டாள். பின்னாலிருந்து அத்தான் குரல் மட்டும் வந்தது: "தம்பி, எனக்கு அந்தக் கால் குழி பெருசா இருக்கிற சீட்."